நீங்களே சொல்லுங்க

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு வந்து, இந்தப் பேரில் செங்கல்பட்டு ஜில்லாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா, அப்பா பேரு போட்டீங்களா, வயசு போட்டீங்களா, ஊரு போட்டீங்களா என்று கேட்பாள். இந்த நாலும் சேர்ந்தால்தான் அவளுக்கு ஒரு ஆள். நாலு கேள்விகளையும் அவள் வாயால் இரண்டு வருடம் தினமும் கேட்டவள் நான். இன்னொரு முறை கேட்கும் தெம்பு எனக்கில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருந்த நாற்பது படுக்கை தனியார் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். லேப் தரைத்தளத்தில், வார்டு மாடியில். அவள் லேப் அட்டெண்டர், என்னைவிட ஒரு வயது இளையவள். மாடியில் நர்ஸ் ரத்தம் எடுத்ததும், ட்யூபில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கீழே என்னிடம் கொண்டுவந்து தருவது அவள் வேலை. அதைப் பரிசோதித்து எழுதித் தருவது என் வேலை. ட்யூப் வந்தால்தான் நான் எதையும் தொடங்க முடியும். ட்யூப் வராது.

ஏன் வரவில்லை என்று முதல் வாரமே மாடியேறிப் போய்ப் பார்த்தேன். பத்து நாளாகப் படுக்கையில் இருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க பேரு இன்னா நைனா?"

"நேத்துதான கேட்ட?"

"நேத்து கேட்டது நேத்து ட்யூபுக்கு. இன்னிக்கி இன்னா பேரு?"

"இன்னிக்கும் கோவிந்தசாமிதான்."

"அப்பா பேரு?"

"அவரு செத்து முப்பது வருசம் ஆவுது."

"செத்தா பேரு பூடுமா? சொல்லுங்க."

கட்டிலின் கால்மாட்டில் அவருடைய கேஸ் ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. பெயர், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. நான் அதை விரலால் தட்டிக் காட்டினேன்.

"அது யாரோ எழுதனது மேடம். இவருக்கு வாய் கீது. இவரே சொல்லட்டும்" என்றாள்.

இது ஒன்று. அடுத்தது, ஒரு நடைக்கு ஒரு ட்யூப். ஆறு பேருக்கு ரத்தம் எடுத்தால் ஆறு முறை மாடிப்படி இறங்கி ஏறுவாள். ட்யூப்களை வைத்துக் கொண்டுவர ஸ்டாண்டு வாங்கி வைத்திருந்தோம். அது ஓரமாகத் தூசி படிந்து கிடந்தது. "கை ரெண்டு இருக்குல்ல, ரெண்டு ட்யூபாவது கொண்டு வாயேன்" என்று கெஞ்சினேன். "கை ரெண்டு கீது மேடம். வழியில எவனாவது கூப்டா திரும்பிப் பாக்கற தலை ஒண்ணுதான கீது" என்றாள்.

இந்த நோய் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. என் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். அவள் வீடு பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். இருவருக்கும் காலையில் ஒரே பஸ். முன்னால் 'செங்கல்பட்டு' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. தினமும் அதே பஸ், அதே கண்டக்டர். படியில் ஒரு காலை வைத்தபடி கேட்பாள்: "அண்ணாத்த, வண்டி எங்க போவுது?"

கண்டக்டர் முதலில் சிரித்தார். பிறகு திட்டினார். பிறகு அவளைப் பார்த்ததும் தானாகவே, "செங்கல்பட்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி, ஏறித் தொலை தாயே" என்று சொல்லப் பழகிவிட்டார். ஒருநாள் போர்டை மாற்ற மறந்து முதல் நாள் இரவு போய்வந்த ஊரின் பெயரே இருக்க, பஸ் முழுக்கக் குழம்பியபோது அவள் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அந்த நிம்மதியைப் பார்க்கவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருமுறை எனக்கே காய்ச்சல். லேபிலேயே என் கையில் நர்ஸ் ரத்தம் எடுத்தார். இவள் பேனாவும் சீட்டுமாக வந்து நின்றாள்.

"உங்க பேரு இன்னா மேடம்?"

"விளையாடுறியா? காலையில ஒண்ணா பஸ்ல வந்தோம். என்னை உனக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியும். ட்யூபுக்குத் தெரியாது. அப்பா பேரு?"

நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் என் அப்பா பெயரைச் சொன்னேன்.

யார் இவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று ஒருநாள் கேட்டேன். ஏதாவது கதை இருக்கும், எங்கோ யாருக்கோ பெயர் மாறி ஒரு விபரீதம் நடந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. "வேலைக்கு சேர்ந்த அன்னிக்கி, 'பேரு கேட்டு ஒட்டு'ன்னாங்க. அதுக்கப்புறம் கேக்காதன்னு யாரும் சொல்லல" என்றாள்.

சொன்னார்கள். நான் சொன்னேன், ஹெட் நர்ஸ் சொன்னார், மேனேஜர் சொன்னார். அவள் கணக்கில் அவை வேகமாக வரச் சொன்னவை. கேட்காதே என்று சொன்னவை அல்ல. அதனால் தலையாட்டிவிட்டு, வேகமாக நடந்துபோய், நிதானமாகக் கேட்பாள்.

மேனேஜரைப் பற்றிச் சொல்லவேண்டும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுவார், தும்முவார். அவருக்குச் சர்க்கரை பார்க்க ஒருநாள் அவர் அறையிலேயே ரத்தம் எடுத்தோம். அவள் கேட்டாள். அவர் கதவில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகையைக் காட்டினார்.

"அது பலகை சார். நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் போன போக்கை நான் மட்டுமே பார்த்தேன். அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டு, எழுதத் தயாராக நின்றாள். அவர் சொன்னார். அப்பா பெயரையும் சொன்னார். ஊரைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது.

மறு வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மருத்துவமனையில் ரத்தம் சேமித்து வைக்க ஒரு அறை வரப்போகிறது. அதற்கு ஒரு அட்டெண்டரை எடுத்து, சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பி, வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஆட்கள் இருவர்: இவள், கீழே அவசரப் பிரிவில் இருந்த ஒரு அட்டெண்டர். அவன் கெட்டிக்காரன், பறந்து வருவான், நான்கு ட்யூப்களை ஒரு கைக்குள் அடக்கிக் கொண்டுவருவான். மேனேஜர் என்னிடம், "ஒரு மாசத்துக்கு ரெண்டு பேருக்கும் நேரம் குறிங்க. ட்யூப் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு உங்க கைக்கு வந்தது, லேட்டானா காரணம் என்ன. தாளைப் பார்த்து முடிவு பண்ணிடலாம்" என்றார்.

கட்டம் போட்டு நிரப்புவது எனக்குப் பிடித்த வேலை. தேதி, நோயாளி, எடுத்த நேரம், வந்த நேரம், தாமதம், காரணம். ஆறு பத்தி. அவளிடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

"எனக்கு அந்த வேலை வேணும் மேடம்" என்றாள். அவள் எதையும் வேண்டும் என்று சொல்லி அதுவரை கேட்டதில்லை. "பர்மனென்ட் ஆனா ஈ.எஸ்.ஐ. கார்டு வரும். வாரத்துல ஒரு நாள் லீவு வரும். நாலு வருசமா ஒரு ஞாயித்துக்கெழம கூட வூட்ல இருந்ததில்ல. எம் புள்ள என்னைய அத்தைன்னு கூப்பிடுது."

"அப்படின்னா ஒரு மாசத்துக்கு மட்டும் வேகமா வாயேன். நானென்ன காலத்துக்குமா சொல்றேன்?"

"சரி மேடம்" என்று தலையாட்டினாள்.

அந்த மாதத்துத் தாளில் அவளுடைய 'காரணம்' பத்தியில் மேலிருந்து கீழே ஒரே வாக்கியம்: பெயர் கேட்டதால். பெயர் கேட்டதால். பெயர் கேட்டதால். ஒரு கட்டத்தில் எழுதக் கை வலித்து மேற்படிக் குறி போட ஆரம்பித்தேன்.

இதில் ஆண் நோயாளிகளாவது பரவாயில்லை. மயங்கிக் கிடக்கும் ஆணுக்குப் பக்கத்தில் மனைவி மட்டும் இருந்தால் போச்சு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்போது நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுள் குறையும். ஆறுமுகத்தின் மனைவி ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக் காட்டுவாள். வெள்ளைக்கண்ணுவின் மனைவி சுவரைக் காட்டிக் கண்ணைக் காட்டுவாள். பதிவு செய்யும் இடத்தில் இருந்த குமாஸ்தா இதில் தேறியவர், ஜாடையைப் பார்த்ததுமே எழுதிவிடுவார். நாங்களும் அப்படித்தான். அவள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"சும்மா சொல்லு யக்கா. எம் புருசன் பேரு சேகரு. சேகரு, சேகரு, சேகரு. மூணு தபா சொல்ட்டேன். மாமல்லபுரத்துல சிற்பக்கூடத்துல குந்திகினு கல்லு தேச்சிகினு கீறான். காலைல எட்டு இட்லி துன்னுட்டுப் போனான். இன்னா ஆயிட்டான்?"

"உனுக்கு இன்னாடி, நீ இந்தக் காலத்துப் பொண்ணு."

"புருசனுக்கு எந்தக் காலமா இருந்தா இன்னா? சொல்லு."

வார்டு முழுக்கச் சிரிக்கும். அந்தப் பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். கீழே நான் நேரம் குறித்துக்கொண்டிருப்பேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது அந்த விபத்து நடந்தது. அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன வேன், காலை பதினோரு மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சற்றுத் தள்ளிப் புரண்டுவிட்டது. எட்டுப் பேர். ஆஸ்பத்திரி முழுக்க ஜரிகைப் புடவையும் ரத்தமும். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்த ட்யூப்களை அந்தக் கெட்டிக்கார அட்டெண்டர் ஒரே பிடியில் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஓடினான்.

அவற்றில் இரண்டு ட்யூப்களில் 'ஏழுமலை' என்று எழுதியிருந்தது. வேறு எதுவும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஏழுமலை என்ற பெயர் தெருவுக்கு மூன்று. ஆனால் எனக்கு அப்போது அது தோன்றவில்லை. பதற்றத்தில் ஒருவருக்கே இரண்டு முறை ரத்தம் எடுத்து அனுப்புவது நர்ஸுகளுக்கு வழக்கம். அப்படித்தான் என்று நினைத்தேன். ஒன்றைச் சோதித்தேன். பி பாசிட்டிவ். மற்றதில் மார்க்கரால் 'ரிப்பீட்' என்று எழுதி ஓரமாக வைத்தேன். ஏழுமலைக்கு ஒரு பை பி பாசிட்டிவ் ரத்தம் வேண்டும் என்று சீட்டெழுதி, சோதித்த ட்யூபோடு அவளிடம் கொடுத்து, ஆட்டோவில் ரத்த வங்கிக்கு அனுப்பினேன்.

ஒன்றேகால் மணி நேரத்தில் ஐஸ் பெட்டியோடு வந்தாள். மாடிக்குப் போனாள். பத்து நிமிடத்தில் மாடியிலிருந்து சத்தம் கேட்டது.

நான் போனபோது மூன்றாம் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம். கட்டிலில் தொடை எலும்பு முறிந்து, வெளுத்து, நினைவில்லாமல் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். கேஸ் ஷீட்டில் 'ஏழுமலை'. ஹெட் நர்ஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் ரத்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியின் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கொடுடி பையை! ஆளு போயிடுவான்!" என்றார் ஹெட் நர்ஸ்.

"குடுக்கறேன் சிஸ்டர். யக்கா, அவரு பேர சொல்லு."

"அதான் அப்பவே கீழ சொன்னேனே" என்று அந்தம்மா அழுதாள். "மலைமேல கீறாரே, அந்த சாமி பேரு."

"எந்த மலை?"

"ஐயோ, எம் புருசன் சாவறாரு, இவ மலை கேக்கறா!"

நான் கத்தினேன். இதை மறைக்கப் போவதில்லை. "எழுந்திருடி! அறிவிருக்கா உனக்கு? நான் டெஸ்ட் பண்ணி அனுப்பின ரத்தம் அது. பையைக் கொடு!" அந்த வார்டில் அதற்கு முன்போ பின்போ நான் குரல் உயர்த்தியதில்லை.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "எந்த மலை யக்கா?"

"தீவம் ஏத்துவாங்களே, அந்த மலை."

ஹெட் நர்ஸின் நீட்டிய கை மெதுவாக இறங்கியது. "அண்ணாமலையா?" என்றார்.

அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

இதோடு எழுந்திருக்க வேண்டுமா, இல்லையா? எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குமாஸ்தா மலை என்றதும் திருப்பதி மலையை நினைத்து ஏழுமலை என்று எழுதியிருக்கிறார். இது திருவண்ணாமலை. விஷயம் முடிந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டர் சொல்லக்கூடாது. கீழயும் இப்டித்தான் வேற எவனோ சொன்னான். நீயே சொல்லு யக்கா."

"முடியாதுடி. எங்குலசாமி மேல சத்தியமா முடியாது."

"இது பேரு இல்ல யக்கா. ரத்தம். வேற ஆளுது உள்ள போச்சின்னா அவரு தாங்க மாட்டாரு. சொல்லு."

அந்தம்மா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரையோ அடிப்பதுபோலச் சொன்னாள்: "அண்ணாமல!"

"அவரோட அப்பா பேரு?"

நான் அங்கே நிற்கவில்லை. கீழே ஓடினேன். ஓரமாக வைத்திருந்த 'ரிப்பீட்' ட்யூபை எடுத்துச் சோதித்தேன். பிறகு மறுபடி ஏறிப்போய் அண்ணாமலையின் கையிலிருந்து புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லி, கொண்டுவந்து அதையும் சோதித்தேன். இரண்டும் ஓ பாசிட்டிவ். அவருக்குள் பி ரத்தம் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன்.

உண்மையான ஏழுமலை ஆறாம் கட்டிலில் நினைவோடுதான் இருந்தார், தலையில் கட்டோடு. அவரிடம் நாலு கேள்வியும் கேட்டுவிட்டு அந்தப் பையை அவருக்குக் கொடுத்தாள். நான் ஓ பாசிட்டிவுக்குப் புதுச் சீட்டு எழுதினேன். மறுபடி ஆட்டோவில் போனாள். அப்போதுதான் டாக்டர் அறுவை அறையிலிருந்து வந்தார். "மூணாம் நம்பருக்கு ஏன் இன்னும் ரத்தம் ஏறல? பை வந்துச்சாமே?"

"வந்தது ஆறாம் நம்பருக்கு சார். இவருக்கு இப்பதான் வருது" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. டாக்டர் புரிந்துகொண்டது வேறு: ஆறாம் கட்டிலுக்கு வந்த பையை அவள் மூன்றாம் கட்டிலுக்குக் கொண்டுபோய், அங்கே உட்கார்ந்து ரகளை செய்திருக்கிறாள். அன்று மாலையே மேனேஜரிடம் அப்படித்தான் சொன்னார். அருகில் இருந்த ஹெட் நர்ஸ் திருத்தவில்லை. பையைப் பிடுங்கப் பார்த்தவர் அவர். நானும் திருத்தவில்லை.

அண்ணாமலை பிழைத்துக்கொண்டார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். போகும்போது அவர் மனைவி எல்லோருக்கும் பழம் கொடுத்தாள், அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. "எவ்ளோ ஆயுசு கொறஞ்சிச்சோ, பாவி, எம் வாயால சொல்ல வெச்சிட்ட" என்றாள். "கொறஞ்சது போவ மீதி கீதில்ல, பத்ரமா இட்டுனு போ" என்றாள் இவள்.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் ட்யூப்களைக் கழுவ அவள்தான் எடுத்தாள். என் கையெழுத்தில் 'ரிப்பீட்' என்று எழுதிய ட்யூபைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவளுக்குப் படிக்கத் தெரியும், லேபில் தினமும் புழங்கும் சொல். அதற்குக் கீழே ஒட்டியிருந்த 'ஏழுமலை'யையும் படித்தாள். என்னைப் பார்த்தாள். கழுவாமல் அதை ஸ்டாண்டில் செருகி வைத்துவிட்டு மற்றவற்றைக் கழுவப் போனாள்.

சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்தக் கெட்டிக்காரனுக்குத்தான் வேலை என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு வந்துவிட்டது. அவன் சென்னைக்குப் போட்டுப்போகப் பேண்ட் தைக்கக் கொடுத்தும் விட்டான். அவள் வழக்கம்போல ஒவ்வொரு ட்யூபாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஜென்மத்துக்குக் கோபமே வராதா என்று எனக்கு அவள்மேல்தான் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை, மேனேஜரிடம் கொடுக்கத் தாளை முடிக்க உட்கார்ந்தேன். விபத்து நாளுக்கான வரி மட்டும் பாக்கி. தேதி எழுதினேன். நோயாளி, அண்ணாமலை. பை வந்த நேரம், ஏற்றிய நேரம், தாமதம் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற பத்தி வந்தது. அதற்கு மேலே இருந்த எல்லா வரியிலும் மேற்படிக் குறி. அதையே இங்கும் போட்டால் தாள் முடிந்தது. தப்பான காரணத்தை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுதினால் கட்டம் கட்டமாக நான் போட்டு வைத்திருக்கும் மற்ற எல்லாமே பொய்யாகிவிடும்.

எழுதினேன்: 'வந்த இரண்டு ட்யூப்களும் ஒரே ஆளுடையவை என்று நினைத்து, ஒன்றைச் சோதிக்காமல் ஒதுக்கியதால். ஒதுக்கியவர்: லேப் டெக்னீஷியன்.' கீழே அடைப்புக்குள், 'பெயர் கேட்டதால் தவறு பிடிபட்டது.'

மேனேஜர் எங்கள் இருவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார். தாளை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். மேற்படிக் குறிகளில் விரல் வேகமாக இறங்கியது. கடைசி வரியில் நின்றது. திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எழுதியதில் விடுபட்டது எதுவும் இல்லை. பிறகு அவளிடம் திரும்பினார்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்பலேந்து?"

"அன்னிக்கி சாயங்காலமே."

"உன் மேல கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு. வேற ஆளப் போடறதா இருந்தோம். அது தெரியுமா?"

"அதுவும் தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா வாயைத் திறக்கல?"

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்னாண்ட யாரும் கேக்கலியே சார்."

ரத்த அறை வேலை அவளுக்குத்தான் போனது. எனக்கு ஒரு மெமோவும், ஆறு மாதம் கழித்து என்று தள்ளிப்போன பணி உறுதியும். இரண்டுமே நியாயம்தான். நான் அங்கிருந்து வேலை மாறிப்போன பிறகும் அவள் அந்த அறையில்தான் இருந்தாள். பொத்தேரியிலிருந்து மதுராந்தகம் வரை எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து ரத்தம் போனதாகவும், வாங்க வந்தவர்கள் எல்லோரும் அவளைத் திட்டிக்கொண்டே வாங்கிப் போனதாகவும் கேள்விப்பட்டேன்.

ஆனால் அன்று மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பாதிப் படியில் அவளை நிறுத்தினேன்.

"நான் எழுதாம விட்டிருந்தா?"

"அந்த ரூமு வேற ஆளுக்குப் பூட்டிருக்கும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்திருப்பியா? ஈ.எஸ்.ஐ., ஞாயித்துக்கிழமை, பிள்ளை, எல்லாம் போயிருக்குமே. என்கிட்டயாவது வந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உங்களாண்ட இன்னா மேடம் கேக்கறது? எனக்குத்தான் தெரியுமே. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். வரும் வழியில் வார்டில் வாங்கியிருந்த ட்யூபைத் தூக்கி வெளிச்சத்தில் சீட்டை ஒருமுறை படித்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போனாள்.

மூன்று நாட்கள். காலையும் மாலையும் ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். ஆறு முறை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஆறு முறையும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.